பித்தளை வளர்த்த ஊர்

தமிழர் இல்லங்களில் பழைய பித்தளைக் குடமோ அண்டாவோ இன்றும் ஒன்றிரண்டு இருக்கக் காணலாம். அதன் கழுத்தடியில் உற்று நோக்கினால், சிறு சிறு புள்ளிகளால் வெட்டப்பட்ட ஒரு பெயரும், சிலவற்றில் ஓர் ஆண்டும் தென்படும். அது பாட்டியின் பெயராக இருக்கலாம். அவர் மணம் முடித்துக் கணவன் வீடு புகுந்தபோது சீராகக் கொண்டுவந்த பாத்திரமாக இருக்கலாம். பெயர் வெட்டியவர் இன்னார் என்பதை நாம் கேட்டு அறியக்கூடும். ஆனால், அக்குடத்தைத் தட்டி உருவாக்கிய கைகள் யாருடையவை என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கொங்கு நாட்டு வீடுகளில் உள்ள அத்தகைய பாத்திரங்களுள் பல பிறந்த ஊர் ஒன்று உண்டு. அதன் பெயர் அனுப்பர்பாளையம்.

இருப்பிடமும் பெயரும்

திருப்பூரிலிருந்து வடக்கே அவிநாசிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் அனுப்பர்பாளையம் அமைந்துள்ளது. ஒரு காலத்தில் தனிச் சிற்றூராக விளங்கிய இவ்வூர், இன்று திருப்பூர் மாநகராட்சியுள் அடங்கிவிட்டது. சாலையின் இருமருங்கும் பாத்திரக் கடைகளும் பனியன் தொழிற்கூடங்களும் மாறி மாறி நிற்கின்றன. புதிதாக வருபவருக்கு ஓர் ஊர் முடிந்து மற்றோர் ஊர் தொடங்கும் எல்லை புலப்படாது. ஆயினும், பிரதான சாலையை விட்டு உட்தெருவினுள் நுழைந்தவுடன் காது அவ்வூரைக் கண்டுகொள்ளும். சுத்தியல் தகட்டின்மேல் விழும் ஓசை இடைவிடாது எழுந்து, 'இதுவே பாத்திரத் தொழிலூர்' என்று அறிவிக்கும்.

கொங்கு நாட்டில் 'பாளையம்' என முடியும் ஊர்கள் மிகப் பல. பாளையம் என்னும் சொல் முதலில் படை தங்கும் இடத்தைக் குறித்தது. பின்னர்ப் படைத்தலைவர்க்கு உரிய நிலப்பகுதியையும், அதன்பின் மக்கள் குடியேறி வாழும் ஊரையும் குறிப்பதாயிற்று. அனுப்பர் என்போர் கன்னடம் பேசும் உழவர் குடியினர். கோயம்புத்தூர், மதுரை முதலிய பகுதிகளில் நெடுங்காலமாக வாழ்ந்து வருபவர். அக்குடியின் பெயரை இவ்வூர் தாங்கி நிற்கிறது. அண்டையிலுள்ள அம்மாபாளையம், வேலம்பாளையம், அங்கேரிபாளையம் ஆகிய ஊர்ப்பெயர்களும் இவ்வாறே முடிகின்றன. அவற்றிலும் பாத்திரப் பட்டறைகள் பரவியுள்ளன.

பட்டறைக் காட்சி

பாத்திரம் செய்யும் முறையை அறிந்தாலன்றி இவ்வூரின் வரலாற்றை அறிந்தவராக மாட்டோம். ஆதலின், ஒரு பட்டறையினுள் சிறிது நேரம் நிற்போம்.

செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவையே பித்தளை. செம்பு உருகுவதற்கு 1,085 பாகை வெப்பம் வேண்டும். துத்தநாகமோ 420 பாகையிலேயே உருகிவிடும். 907 பாகையில் ஆவியாகிப் பறந்துவிடும். விரைவில் ஆவியாகும் ஒன்றைத் தாமதமாக உருகும் ஒன்றோடு சேர்ப்பது எளிய செயல் அன்று. மனிதர் இதனைப் பட்டறிவினால் கற்றுக்கொள்ளப் பல நூற்றாண்டுகள் ஆயின. துத்தநாகத்தை ஆவியாக்கி, அவ்வாவியைக் குளிர்வித்துத் தனி உலோகமாகப் பிரித்தெடுக்கும் கலையில் நம் நாடு முன்னோடியாக நின்றது. இராசத்தானத்தில் உதயப்பூருக்கு அருகிலுள்ள சாவர் என்னும் இடத்தில் அத்தகைய உலைகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. இங்கிலாந்தில் வில்லியம் சாம்பியன் என்பவர் அம்முறைக்கு உரிமை பெற்றது 1738ஆம் ஆண்டில். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே சாவரில் அத்தொழில் நடைபெற்றது என்பது நாம் பெருமையுடன் நினைக்கத் தக்கது.

பட்டறைக்கு வரும் தகட்டை முதலில் வட்டமாக வெட்டுவர். பின்னர் அதனைப் பட்டடையின்மேல் வைத்துத் தட்டுவர். தட்டத் தட்டத் தகடு குழியும், குழியும்போதே இறுகும். இறுகிய தகட்டை மேலும் தட்டினால் விரிசல் காணும். ஆகவே, அதனை உலையில் இட்டுச் செந்நிறம் ஏறும்வரை காய்ச்சி எடுப்பர். சூடு ஏறிய தகடு மீண்டும் மென்மை பெறும். மறுபடியும் தட்டுவர், மறுபடியும் காய்ச்சுவர். இவ்வாறு அடியும் நெருப்பும் மாறி மாறி வர, தட்டையான தகடு வயிறு திரண்ட பாத்திரமாக வளர்கிறது. எத்தனை அடிக்குப் பின் காய்ச்ச வேண்டும் என்பதைத் தொழிலாளி எண்ணிக் கணக்கிடுவதில்லை. சுத்தியலின் ஓசை மாறுவதைக் கொண்டே அறிந்துகொள்கிறார். காதே அவருக்கு அளவுகோல்.

ஒரு குடத்தை ஒரே தகட்டிலிருந்து முழுமையாக உருவாக்குதல் அரிது. அடிப்பாகம் ஒன்று, மேற்பாகம் ஒன்று, கழுத்து ஒன்று எனத் தனித்தனியே செய்து பின்னர் இணைப்பர். இணைக்கும் விளிம்பைப் பல்பல்லாக வெட்டி, ஒரு பாகத்தின் பற்கள் மற்றொரு பாகத்தை மாறி மாறிக் கவ்வுமாறு பொருத்துவர். பிறகு, எளிதில் உருகும் பித்தளைப் பொடியை வெங்காரத்துடன் கலந்து அவ்விணைப்பின்மேல் இட்டு நெருப்பில் காட்டுவர். பொடி உருகி இடுக்குகளில் ஓடி இறுகும். இதற்குப் 'பற்று வைத்தல்' என்று பெயர். பழைய குடத்தின் வயிற்றைச் சுற்றிப் பல்வரிசை போன்ற ஒரு கோடு ஓடுவதைக் காணலாம். அது அழகுக்காக இட்ட கோடு அன்று. இரு பாகங்கள் ஒன்றான இடத்தின் அடையாளம் என்க.

இணைத்து முடித்த குடத்தை மீண்டும் மெல்லத் தட்டி வடிவம் திருத்துவர், தேய்த்து மெருகிடுவர். ஒருவர் வெட்ட, ஒருவர் தட்ட, ஒருவர் பற்று வைக்க, ஒருவர் மெருகிட, ஒரு குடம் பலர் கைகளைக் கடந்தே கடைக்கு வருகிறது. இக்கைகளுள் ஒன்று தவறினும் குடம் ஒழுகும். 'ஊர் கூடித் தேர் இழுத்தல்' என்று நாம் கூறுவது இத்தொழிலுக்கும் பொருந்தும்.

ஈயம் பூசுதல்

செம்பும் பித்தளையும் சமையலுக்கு ஏற்றவையாயினும் அவற்றில் ஒரு குறை உண்டு. புளியும் மோரும் பட்டால் அவ்வுலோகங்கள் கரைந்து பச்சை நிறக் களிம்பு தோன்றும். அது உடலுக்குத் தீங்கு செய்வது. சைவ சித்தாந்த ஆசிரியர்கள், உயிரைத் தொன்றுதொட்டுப் பற்றி நிற்கும் ஆணவ மலத்திற்குச் செம்பில் ஊறிய களிம்பையே உவமையாகக் காட்டினர். அன்றாட வாழ்வில் அனைவரும் கண்ட பொருள் ஆதலாலன்றோ அது தத்துவத்திற்கும் உவமையாயிற்று!

இக்குறையை நீக்க நம் முன்னோர் கண்ட வழி ஈயம் பூசுதல். பாத்திரத்தைச் சூடேற்றி, உட்புறத்தில் நவச்சாரத் தூளைத் தூவித் துணியால் துடைப்பர். வெண்புகை எழும், உலோகத்தின்மேல் படிந்த மாசு அகலும். உடனே வெள்ளீயத் துண்டை உள்ளே தேய்ப்பர். வெள்ளீயம் 232 பாகையிலேயே உருகும் இயல்பினது. ஆதலின், சூடான பாத்திரத்தில் பட்டவுடன் உருகி, துணி செல்லும் வழியெல்லாம் வெள்ளி போலப் பரவும். சில நொடிப்பொழுதில் மங்கிய பாத்திரத்தின் உட்புறம் பளபளக்கும். ஒரு தலைமுறைக்கு முன்வரை, துருத்தியைத் தோளில் சுமந்து, 'பாத்திரத்துக்கு ஈயம் பூசலையா!' என்று தெருத்தெருவாகக் கூவி வந்தவர் பலர். அக்குரல் இன்று அரிதாகிவிட்டது.

குரல் அரிதானதற்குக் காரணம் எவர்சில்வர். 1913ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் செபீல்டு நகரில் ஆரி பிரியர்லி என்பவர், இரும்பில் குரோமியத்தைத் தக்க அளவு சேர்த்தால் துருப் பிடிக்காத எஃகு கிடைப்பதைக் கண்டார். களிம்பு ஏறாதது, ஈயம் வேண்டாதது, எளிதில் துலங்குவது என்னும் மூன்று சிறப்புகளால் அவ்வெஃகு நம் அடுக்களைகளைக் கைப்பற்றியது. அனுப்பர்பாளையத்தார் அதனைக் கண்டு மனம் தளரவில்லை. புதிய தகட்டின் இயல்பைக் கற்றுக்கொண்டு எவர்சில்வர் பாத்திரங்களையும் செய்யத் தொடங்கினர். செம்பு, பித்தளை, எவர்சில்வர் ஆகிய மூன்றும் இன்று ஒரே தெருவில் உருப்பெறுகின்றன. பொங்கலும் திருமண மாதங்களும் வந்தால் பட்டறைகளில் வேலை மிகும்.

ஆலயங்கள் இரண்டு

அனுப்பர்பாளையத்திலிருந்து அவிநாசிச் சாலையில் வடக்கே சென்றால் அணித்தே திருமுருகன்பூண்டியும், அதனையடுத்து அவிநாசியும் வரும். தேவாரப் பாடல் பெற்ற கொங்கு நாட்டுச் சிவத்தலங்கள் ஏழு. அவற்றுள் இரண்டு இச்சிறு தொலைவிற்குள் அமைந்திருப்பது வியப்பிற்குரியது. ஏனைய ஐந்தும் பவானி, திருச்செங்கோடு, கொடுமுடி, கரூர், வெஞ்சமாங்கூடல் என்பன.

திருமுருகன்பூண்டியில் முருகப்பெருமான் சிவலிங்கம் அமைத்து வழிபட்டார் என்பது தலவரலாறு. சுந்தரர் சேரமான் பெருமாளிடம் பரிசாகப் பொன்னும் பொருளும் பெற்று இவ்வழியே திரும்பினார். அப்போது இறைவன் தம் பூதகணங்களை வேடர் வடிவில் அனுப்பி, அப்பொருளை எல்லாம் பறிக்கச் செய்தார் என்றும், சுந்தரர் பதிகம் பாடி அவற்றை மீளப் பெற்றார் என்றும் பெரியபுராணம் கூறும். இன்றும் இவ்வூரில் அந்நிகழ்ச்சி 'வேடுபறி' என்னும் பெயரால் விழாவாகக் கொண்டாடப்படுகிறது. பண்டைக் காலத்தில் சேர நாட்டையும் சோழ நாட்டையும் இணைத்த வணிக வழிகள் கொங்கு நாட்டினூடே சென்றன. பொருளோடு செல்வார்க்கு அவ்வழிகளில் இடர் இருந்தது என்பதையும் இக்கதையால் நாம் உணரலாம். பூண்டி மற்றொரு வகையாலும் புகழ் பெற்றது. இங்குள்ள சிற்பக் கூடங்களில் கல் தச்சர்கள் தெய்வ உருவங்களைச் செதுக்குகின்றனர். ஓர் ஊரில் தகட்டைத் தட்டும் ஓசை. அடுத்த ஊரில் கல்லைக் கொத்தும் ஓசை. இரண்டும் உளியும் சுத்தியலும் பேசும் மொழியே.

அவிநாசிக்குத் தேவாரத்தில் வழங்கும் பெயர் திருப்புக்கொளியூர். 'விநாசம்' என்றால் அழிவு. 'அவிநாசி' என்றால் அழிவற்றது. இறைவன் பெயரே ஊருக்கும் பெயராயிற்று. அம்மையின் பெயர் கருணாம்பிகை. சுந்தரர் இவ்வூர்த் தெருவழியே வந்தபோது ஒரு வீட்டில் மங்கல ஒலியும், எதிர்வீட்டில் அழுகுரலும் கேட்டார். ஒத்த வயதினராகிய இரு சிறுவர் குளத்தில் நீராடச் சென்றதையும், அவர்களுள் ஒருவனை முதலை விழுங்கியதையும், பிழைத்த சிறுவனுக்கு அன்று பூணூல் அணிவிக்கும் விழா நடப்பதையும் அறிந்தார். மகனை இழந்த பெற்றோர், தம் துயரையும் மறந்து சுந்தரரை வணங்கி வரவேற்றனர். மனம் நெகிழ்ந்த அவர் குளக்கரைக்குச் சென்று பதிகம் பாட, முதலை அப்பிள்ளையை அத்தனை ஆண்டு வளர்ச்சியோடு கரையில் உமிழ்ந்தது என்பர். எதிர்வீட்டின் மகிழ்ச்சியைக் கெடுக்காமல் தம் வீட்டிற்குள்ளேயே அழுத அப்பெற்றோரின் பண்பு இக்கதையில் நாம் போற்றத்தக்கது. அவிநாசித் தேர் தமிழகத்தின் பெருந்தேர்களுள் ஒன்று. சித்திரைத் திருவிழாவில் அத்தேர் உருளும்போது சுற்றுப்புற ஊர்கள் எல்லாம் அவிநாசியில் கூடும்.

குளமும் நீரும்

முதலை வாழும் அளவுக்கு நீர் நிறைந்த குளத்தைப் பற்றிப் பழங்கதை பேசுகிறது. ஆனால், பிற்காலத்தில் இப்பகுதி நீருக்காக ஏங்கிய பகுதி. மேற்கு மலையின் மழை மறைவில் அமைந்தமையால் இங்கு மழை குறைவு. பவானியாற்றில் பெருகி வீணாகும் நீரை இவ்வறண்ட நிலத்தின் குளங்களுக்குக் கொணர வேண்டும் என்று உழவர்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வேண்டிவந்தனர். அவ்வேண்டுகோள் அத்திக்கடவு–அவிநாசித் திட்டமாக உருப்பெற்று, 2024ஆம் ஆண்டு ஆகத்து 17ஆம் நாள் செயற்பட்டது. பவானியாற்றின் காலிங்கராயன் அணைக்கட்டுப் பகுதியிலிருந்து உபரிநீரை இறைத்து, குழாய்களின் வழியே ஈரோடு, திருப்பூர், கோயம்புத்தூர் மாவட்டங்களின் 1,045 குளங்குட்டைகளுக்கு அளிப்பதே அதன் நோக்கம். பாட்டன் கேட்ட நீர் பேரன் காலத்தில் வந்தது.

திருப்பூருக்கு அருகிலுள்ள நஞ்சராயன் குளமும் இங்குக் குறிப்பிடத்தக்கது. நல்லாற்று நீரைப் பெறும் இக்குளத்திற்குத் தொலைநாடுகளிலிருந்தும் பறவைகள் வருகின்றன. அரசு இதனைப் பறவைகள் புகலிடமாக அறிவித்தது. 2024ஆம் ஆண்டில் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் பட்டியலாகிய ராம்சர் பட்டியலிலும் இது இடம்பெற்றது.

திருப்பூரும் நொய்யலும்

தெற்கே திரும்பினால் திருப்பூர். 1862ஆம் ஆண்டளவில் சென்னையிலிருந்து போத்தனூர்வரை இருப்புப் பாதை அமைந்தபோது இவ்வூருக்கும் தொடர்வண்டி வந்தது. பருத்தி விளையும் கரிசல் நிலம் ஒருபுறம். அதனை ஏற்றிச் செல்லும் வண்டி மறுபுறம். எனவே பஞ்சு வணிகம் வளர்ந்தது. விடுதலைப் போராட்டக் காலத்தில் இவ்வூர் கதர்ப் பணிக்குத் தலையான நிலையங்களுள் ஒன்றாக விளங்கியது. 1932ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் நடந்த ஊர்வலத்தில் தடியடிபட்டு வீழ்ந்தபோதும் கொடியைக் கைவிடாத குமரன், மறுநாள் உயிர் நீத்தார். அவர் சென்னிமலையில் 1904ஆம் ஆண்டில் பிறந்தவர். உயிர் நீத்தபோது வயது இருபத்தேழு. தொடர்வண்டி நிலையத்திற்கு அருகில் அவருக்கு நினைவிடம் உள்ளது.

1920களில் சில பின்னல் பொறிகளோடு தொடங்கிய பனியன் தொழில், 1970களின் இறுதிக்குப் பின் கடல் கடந்து சென்றது. திருப்பூர் 2008இல் மாநகராட்சியாகவும், 2009இல் மாவட்டத்தின் தலைநகராகவும் உயர்ந்தது. ஆனால், அவ்வளர்ச்சிக்கு நொய்யலாறு பெருவிலை கொடுத்தது. வெள்ளியங்கிரி மலையில் தெளிந்த ஓடையாகத் தோன்றி, கோயம்புத்தூர், திருப்பூர் வழியாகச் சென்று காவிரியோடு கலப்பது நொய்யல். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இதன் கரையிலிருந்த கொடுமணல் என்னும் ஊரில், இரும்பு உருக்கியும் மணிகள் செய்தும் வாழ்ந்த கைவினைஞர் இருந்தனர் என்பதை அகழாய்வுகள் காட்டுகின்றன. அத்தகைய ஆற்றில் சாயக் கழிவு கலந்தது. பாசனத்திற்கெனக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையின் நீர் பயிரைக் கருக்கியது. வழக்கு நீதிமன்றம் சென்றது. 2011ஆம் ஆண்டு சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூடுமாறு ஆணையிட்டது. கழிவுநீரைச் சொட்டும் வெளிவிடாமல் தூய்மை செய்யும் பொறிகளை அமைத்த பின்னரே அவை மீண்டும் இயங்கின. தொழில் வாழ வேண்டும். தொழிலுக்கு இடம் தந்த ஆறும் வாழ வேண்டும். இரண்டில் ஒன்றைக் கொன்று மற்றொன்றை வளர்த்தல் நெடுநாள் நில்லாது.

ஜெர்மனியில் ஒரு பித்தளை ஊர்

நம் ஊரைப் போன்ற ஊர் ஒன்று பிற நாட்டில் உண்டா என்று தேடினால், ஜெர்மனியின் மேற்கு எல்லையில் ஆகன் நகருக்கு அருகிலுள்ள ஸ்டோல்பர்க் என்னும் சிறு நகரம் நம் நினைவிற்கு வரும். பாறைமேல் ஒரு பழங்கோட்டை; அதன் அடியில் கல் பாவிய குறுகிய தெருக்கள்; நடுவே ஓடும் ஃபிக்ட் என்னும் சிற்றாறு. 'செம்பு நகரம்' என்னும் அடைமொழியை அவ்வூர் பெருமையுடன் தாங்குகிறது. ஆயினும், அதனை வளர்த்தது நம் ஊரைப் போலவே பித்தளைதான்.

பதினாறாம் நூற்றாண்டில் ஆகன் நகரில் சமயப் பூசல் எழுந்தது. தொழிற்சங்கங்களின் கட்டுப்பாடுகளும் மிகுந்தன. சீர்திருத்தச் சமயத்தைச் சார்ந்த பித்தளைத் தொழிலர் பலர் அந்நகரை விட்டு ஸ்டோல்பர்க் பள்ளத்தாக்கிற் குடியேறினர். 1571ஆம் ஆண்டில் வந்த லியோன்ஹார்ட் ஷ்லைக்கர் அவர்களுள் முன்னோடி. அங்குத் துத்தநாகத் தாது மண்ணில் கிடைத்தது. உலைக்கு விறகும் கரியும் காட்டில் கிடைத்தன. சம்மட்டிகளை இயக்க ஆற்று நீர் கிடைத்தது. செம்பு மட்டும் வெளியிலிருந்து வந்தது. செம்பையும் தாதுவையும் கரியையும் மூசையில் இட்டுக் காய்ச்சினர். தாதுவிலிருந்து எழும் துத்தநாக ஆவியைச் செம்பு உள்வாங்கிப் பித்தளையாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டு தொடங்கும்போது ஸ்டோல்பர்க் ஐரோப்பாவின் தலையாய பித்தளை ஊர்களுள் ஒன்றாகத் திகழ்ந்தது. வீடும் பட்டறையும் உலையும் ஒரே மதிலுக்குள் அமைந்த பெருமனைகளை அத்தொழிலதிபர்கள் கட்டினர். 'செப்பு முற்றங்கள்' எனப்படும் அம்மனைகளுள் பல இன்றும் நிற்கின்றன. துத்தநாகம் ஊறிய மண்ணில் மட்டும் செழிக்கும் ஒரு மஞ்சள் மலர் அப்பகுதியில் பூக்கிறது என்பது மற்றொரு வியப்பு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் துத்தநாகம் தனி உலோகமாக எங்கும் மலிவாகக் கிடைத்தது. அப்போது தாதுவின் அருகே இருந்ததால் ஸ்டோல்பர்க் பெற்றிருந்த சிறப்புக் குறைந்தது. ஆயினும் ஊர் அழியவில்லை. தட்டத் தெரிந்த கைகள் வேறு பொருள்களைச் செய்தன. 1530ஆம் ஆண்டில் ஆகனில் தொடங்கி, 1642இல் ஸ்டோல்பர்க்கிற்குக் குடிபெயர்ந்த பிரிம் என்னும் தொழிற்குடும்பம், பித்தளையைக் கொண்டு ஊசி, கொக்கி, பொத்தான் முதலியவற்றைச் செய்யலாயிற்று. ஆடைகளை அழுத்திப் பூட்டும் பொத்தானை 1903ஆம் ஆண்டில் ஹான்ஸ் பிரிம் என்பவர் வில்கம்பி அமைத்துத் திருத்தினார். பித்தளை ஊர் ஆடைத் தொழிலோடு உறவு கொண்ட இச்செய்தி, பனியன் நகரின் மடியில் வாழும் அனுப்பர்பாளையத்தை நமக்கு நினைவூட்டுகிறது அன்றோ!

ஊருக்கு உதவிய ஆறே ஊரை வருத்தியதும் உண்டு. 2021ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பெய்த பெருமழையால் ஃபிக்ட் ஆறு கரை புரண்டு ஸ்டோல்பர்க்கின் பழந்தெருக்களைச் சிதைத்தது. நொய்யலை மனிதர் வருத்தினர். அங்கு வெள்ளம் மனிதரை வருத்தியது. ஆற்றோடு வாழும் ஊர்கள் ஆற்றை மறந்து வாழ முடியாது என்பதே இரண்டும் தரும் பாடம்.

தொழில் நிலைக்குமா?

இரண்டு ஊர்களையும் ஒப்பிட்டு நோக்கின் ஒரு வேறுபாடு புலனாகும். ஸ்டோல்பர்க் தன் பழைய பட்டறைகளைப் போற்றிப் பாதுகாத்து, தொழிலின் வரலாற்றைக் காட்டும் அருங்காட்சியகமும் அமைத்துள்ளது. அனுப்பர்பாளையத்தின் வரலாறு இன்னும் தொழிலாளர் கைகளிலேயே இருக்கிறது. ஏட்டில் அது மிகுதியும் ஏறவில்லை. ஆனால், அக்கைகள் குறைந்து வருகின்றன.

காரணங்கள் வெளிப்படையானவை. செம்பின் விலையும் தகட்டின் விலையும் ஏறி இறங்கும். பாத்திரத்தின் விலையை அதற்கேற்ப உடனே ஏற்ற இயலாது. பொறிகளால் அழுத்திச் செய்யும் பாத்திரம் விரைவாகவும் மலிவாகவும் வருகிறது. கூலி உயர்வு கோரிச் சுத்தியல்கள் ஓய்ந்த நாட்களும் உண்டு. உலையருகே வியர்வை வழிய அமர்ந்து தட்டுவதினும், பனியன் தொழிற்கூடத்தில் பணி செய்வது இளைஞர்க்கு எளிதாகத் தோன்றுகிறது. அவர்களைக் குறை கூறுதல் தகாது. பெற்றோர் பட்ட பாட்டைக் கண்ணெதிரே கண்ட பிள்ளைகள் வேறு வழி நாடுவது இயல்பே. ஒரு கலையை வாழ வைக்க விரும்பும் சமுதாயம், முதலில் அக்கலைஞன் வாழ வழி செய்ய வேண்டும். அவன் உழைப்புக்கு உரிய விலை கொடுக்காமல் அவன் கலையை மட்டும் புகழ்தல் வெறும் உபசாரம்.

நம்பிக்கைக்கும் இடம் உண்டு. செம்பின்மேல் நோய்க்கிருமிகள் நெடுநேரம் வாழா என்று அறிவியல் ஆய்வுகள் உறுதி செய்துள்ளன. அதனால் செம்புக் குடத்தில் நீர் வைத்துப் பருகும் வழக்கம் மீண்டும் பரவுகிறது. கிழிந்த நெகிழிக் குடம் குப்பை மேட்டைச் சேரும். நைந்த பித்தளைக் குடமோ உருகி மறுபடியும் குடமாகும். உலோகத்திற்கு அழிவில்லை, உருமாற்றமே உண்டு. எவர்சில்வர் வந்தபோது புதிது கற்ற ஊர், காலம் கேட்கும் வேறு பொருள்களையும் செய்யக் கற்கும் என்று நாம் நம்பலாம்.

மாணவர்களே! உங்கள் ஊரும் சிறிதாக இருக்கலாம். அதற்கும் ஒரு பெயரும், ஒரு தொழிலும், ஒரு நீர்நிலையும், அவற்றைக் காத்த மக்களும் இருப்பர். ஊரின் வரலாறு கோட்டையிலும் கோபுரத்திலும் மட்டும் இல்லை. குடத்தின் பல்வரிசைக் கோட்டிலும் உண்டு. அடுத்த முறை வீட்டிலுள்ள பழைய பித்தளைப் பாத்திரத்தைத் துலக்கும்போது அதில் வெட்டிய பெயரைப் படியுங்கள். அப்பெயருக்கு உரியவர் யார் என்று பெரியோரைக் கேளுங்கள். பிறகு, பெயர் வெட்டப்படாத அந்தத் தொழிலாளியையும் ஒரு கணம் நினையுங்கள்.